சீனியர் ஆபீஸை விட்ட பிறகு: வேலூரில் கட்சிக்காரர் சேர நான்கு வழிகள், நான்குக்கும் என்ன விலை

கட்சிக்காரர், அதாவது நம்மிடம் கேஸ் கொடுப்பவர், எப்படிச் சேர்வார் என்று மாதத்துக்கு ஒரு ஜூனியர் வக்கீலாவது கேட்டு வந்துவிடுகிறார். போன வாரம் வந்தவர் ஒரு சிவில் சீனியரிடம் 6 வருடம் இருந்தவர். சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு வெளியே டீக்கடையில் பிடித்துக்கொண்டார்.

"தனி ஆபீஸ் போட்டு 8 மாசம் ஆச்சு சார். கையில 14 கேஸ் கட்டு இருக்கு. அதுல 9 சொந்தக்காரங்க கேஸ். பேங்க் பேனலுக்கு எழுதிப் போடலாமா, குடியாத்தத்துல ஒரு ரூம் பாக்கலாமா, இல்ல ஆக்ஸிடென்ட் கேஸ் மட்டும் எடுக்கலாமா? யூடியூப் ஆரம்பின்னு வேற ஒருத்தர் சொல்றாரு."

சொந்தக்காரர் கேஸில் ஃபீஸ் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. தெரிந்த கதைதானே.

டீ ஆறும்வரை அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். யூடியூப் தவிர மற்ற மூன்றிலும் நான் கால் வைத்திருக்கிறேன். ஒன்றிலிருந்து கால் எடுக்கவும் வைத்தார்கள்.

## எதை வைத்து அளப்பது

எல்லோரும் முதலில் கேட்பது, "மாசம் எவ்வளவு வரும்?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் முதல் காசு எப்போது வரும் என்று கேட்க வேண்டும். ஆபீஸ் வாடகையும் குமாஸ்தா சம்பளமும் முதல் மாதமே ஆரம்பித்துவிடும். ஜூனியர் வைக்கிற எண்ணம் இருந்தால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2024-ல் தமிழ்நாடு பார் கவுன்சில் அனுப்பிய சுற்றறிக்கைப்படி, நம்மைப் போன்ற மாவட்டங்களில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 15,000 ரூபாய் தர வேண்டும். நம் ஊரில் எத்தனை ஆபீஸில் தருகிறார்கள் என்று கேட்டு என்னை வம்பில் மாட்டிவிடாதீர்கள்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத செலவு. பெட்ரோல், நகல் மனு, அலைச்சல், ஒரே காலையில் இரண்டு ஊர் கோர்ட்டில் கூப்பிட்டால் போகிற மானம், எல்லாம் இதில் சேரும்.

மூன்றாவது, விதி 36. இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில், வக்கீல் நேரடியாகவோ தரகர் மூலமாகவோ வேலை தேடக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது என்கிற விதி. மீறினால் வழக்கறிஞர் சட்டம் பிரிவு 35-ன் கீழ் ஒழுங்கு நடவடிக்கை. கண்டிப்பில் தொடங்கி சன்னது (வக்கீல் உரிமம்) பறிபோகிறவரை போகலாம். மற்ற தொழில்களுக்கு எழுதப்பட்ட "வாடிக்கையாளரைப் பெருக்குவது எப்படி" யோசனைகளில் முக்கால்வாசி நமக்கு ஆகாமல் போவது இதனால்தான்.

நான்காவதை யாரும் கேட்பதில்லை. கட்சிக்காரர் யாருடையவர்? இந்த வழி நாளைக்கே அடைத்துக்கொண்டால், இதில் வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த வம்புக்கு என் நம்பரைத் தேடிக் கூப்பிடுவார்கள்? என் கணக்கில் மற்ற மூன்றும் இதற்குப் பிறகுதான்.

## வழி 1: வங்கி பேனல்

வங்கி தன் வேலைக்கு வைத்திருக்கும் வக்கீல் பட்டியலில் சேர்வது. வெளியிலிருந்து பார்க்க இதுதான் பத்திரமான வழி. வீட்டுக் கடன், அடமானக் கடன் ஒவ்வொன்றுக்கும் சொத்து ஆவணம் சரியா என்று ஒரு சட்டக் கருத்து (ஒப்பினியன்) எழுத வேண்டும். அதுபோகக் கடன் வசூல் வழக்குகள். விதி 36 தொல்லை இல்லை. "நான் பேங்க் பேனல் வக்கீல்" என்றால் பெண் வீட்டாரிடமும் மதிப்பு. வேலை வந்துகொண்டே இருக்கும். ஆனால் பில் பாஸாகிக் காசு வர மாதங்கள் ஆகும். வரும்போது வருமான வரி பிடித்தம் போக வரும்.

வேலை சின்னதாகத் தெரியும், பொறுப்பு சின்னதில்லை. நான் 5 வருடம் ஒரு வங்கியின் பேனலில் இருந்தேன். கே.வி.குப்பம் பக்கம் ஒரு நிலம் வந்தது. கிரயப் பத்திரம் சுத்தம், பட்டா சுத்தம், இணையத்தில் 1975-லிருந்து எடுத்த வில்லங்கச் சான்றும் சுத்தம். தாய்ப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் 1971-ல் ஒரு பாகப்பிரிவினை. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். மகன்கள் மூன்று பேரும் பிரித்துக்கொண்டார்கள். ஒரு மகளும் இருந்திருக்கிறார், கையெழுத்து இல்லை. 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அந்தப் பெண்ணுக்கும் சம பங்கு உண்டு. அவருடைய பிள்ளைகள் பேரணாம்பட்டில் இருப்பதாக விற்பவரே வாய் தவறிச் சொன்னார்.

அந்தப் பிள்ளைகளிடம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்காமல் கடன் தரக் கூடாது என்று எழுதினேன். கிளை மேனேஜருக்கு அந்த மாத டார்கெட். "சார், எல்லாரும் குடுக்கறாங்க, நீங்க மட்டும்..." என்றார். அதற்கு அப்புறம் அந்தக் கிளையிலிருந்து எனக்கு வந்த கோப்புகள் மெலிந்துகொண்டே வந்தன. அடுத்த வருடம் பேனல் புதுப்பித்தபோது என் பெயர் இல்லை. 11 மாத பில் பாக்கியை வாங்க மண்டல அலுவலகத்துக்கு நான்கு தடவை போனேன்.

கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தவறாக எழுதிக் கொடுத்திருந்தால் கதை இன்னும் மோசம். கடன் வாராக்கடன் ஆனதும் வங்கி முதலில் தேடுவது ஒப்பினியன் கொடுத்த வக்கீலை. கவனக்குறைவாகக் கருத்து எழுதியதற்காக மட்டும் வக்கீலைக் குற்றவாளி ஆக்க முடியாது, மோசடியில் கூட்டு இருந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த வாதத்தைச் சொல்லி வெளியே வர எத்தனை வாய்தா ஆகும் என்று நமக்குத் தெரியாதா? வங்கிகள் தங்களுக்குள் சுற்றுக்கு விடும் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் ஏறினால், ஒரு வங்கி அல்ல, எல்லா வங்கியும் கதவைச் சாத்திவிடும்.

பேனலில் இருந்த 5 வருடத்தில் எத்தனை நூறு கருத்து எழுதியிருப்பேன்! கடன் வாங்கியவர்களில் என் முகம் யாருக்கும் தெரியாது. அவர்கள் வங்கியின் ஆட்கள். வங்கியோ மேனேஜரின் கையில். மேனேஜருக்கு மாற்றல் வந்தால் எல்லாம் முதலிலிருந்து.

இருந்தும் பேனல் சிலருக்குச் சரி. பத்திரம் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. இரண்டு வருடம் இருந்தால் மூல ஆவணம் எங்கே ஓட்டை விடும் என்று விரல் நுனியில் வந்துவிடும். பேனல் தரும் பணத்தில் வாடகையைக் கட்டுங்கள், மொத்த நாளையும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

(இலவச சட்ட உதவிப் பேனலைக் கேட்பவர்களுக்கு: மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஃபீஸ் கொஞ்சம்தான், ஆனால் குறுக்கு விசாரணை பழக இடம் கிடைக்கும். 2022-ல் வந்த சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர் முறை வேறு. அது முழுநேர வேலை, அதில் சேர்ந்தால் தனியாகக் கேஸ் எடுக்க முடியாது. சொந்த ஆபீஸ் வளர்க்க நினைப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

## வழி 2: தாலுகா ஊரில் ஒரு ரூம்

2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததை நம் வக்கீல்கள் பலர் இன்னும் வரைபடத்தில் மட்டும்தான் பார்க்கிறார்கள். ஆற்காட்டுக்காரருக்கும் வாலாஜாக்காரருக்கும் கலெக்டர் ஆபீஸ் இப்போது ராணிப்பேட்டையில். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் திருப்பத்தூரில். பட்டா மேல்முறையீட்டுக்காக வேலூருக்கு வந்து, அப்படியே பக்கத்திலேயே வக்கீல் பிடித்த காலம் போய்விட்டது. நாம்தான் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

குடியாத்தத்தை எடுத்துக்கொள்வோம், கேட்டவர் கேட்டது அதைத்தானே. வேலூரிலிருந்து 35 கிலோமீட்டர் சுமார். கைத்தறி, லுங்கி, தீப்பெட்டி, பீடி என்று கையில் வேலை உள்ள ஊர். சுற்றிலும் நிலம். 1980-களின் யு.டி.ஆர். என்கிற நிலப் பதிவேடு புதுப்பிப்பில் பெயர் மாறி ஏறிய பட்டாக்கள் இன்றைக்கும் தகராறாக வந்துகொண்டே இருக்கின்றன. அண்ணன் பெயரில் மொத்தமும் ஏறியிருக்கும், தம்பி உழுதுகொண்டிருப்பார். தம்பி இறந்த பிறகுதான் பிள்ளைகளுக்கே விஷயம் தெரியும். இந்த வேலைக்கு அ-பதிவேடும் பழைய அடங்கலும் (கிராம நிலக் கணக்குகள்) எங்கே எடுப்பது என்று தெரிந்த வக்கீலை அந்தக் கிராமம் விடாது.

செலவைப் பார்ப்போம். வாடகை வேலூரைவிடக் குறைவு. அது ஒன்றுதான் குறைவு. முதல் 6 மாதம் யாரும் வர மாட்டார்கள். உள்ளூர் பார் சங்கத்தில் (வக்கீல் சங்கத்தில்) "வேலூர்க்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார்" என்று ஒரு முணுமுணுப்பு இருக்கும். அது அடங்க வேண்டுமென்றால் அவர்களுடைய கட்டுக்குக் கை நீட்டாமல் இருக்க வேண்டும். ஒரு வக்கீல் வக்காலத்து போட்ட கேஸில் அவர் சம்மதமோ கோர்ட் அனுமதியோ இல்லாமல் இன்னொருவர் ஆஜராகக் கூடாது என்பது விதி 39. சீனியர் ஆபீஸிலிருந்து பிரிந்து வரும்போதும் இதே விதிதான். அதை மதித்து வந்தவருக்குச் சீனியரே பிற்பாடு கேஸ் அனுப்புவார்.

பெரிய செலவு காலை 10.30 மணி, கோர்ட் தொடங்கும் நேரம். வேலூரிலும் குடியாத்தத்திலும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். அங்கே "நாட் பிரஸன்ட்" என்று ஒரு வாய்தா போனால் கட்சிக்காரர் அன்றைக்கே ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். அதனால் ஆரம்பத்தில் அந்த ரூமைச் சனி, ஞாயிறு மாலைக்கு மட்டும் வையுங்கள். ஆலோசனையும் ஆவணம் பார்ப்பதும் அங்கே, வழக்கு முடிந்தவரை உங்கள் கோர்ட்டில்.

இந்த வழியில் வருகிறவர் உங்களுடையவர். எனக்கு அணைக்கட்டுப் பக்கம் ஒரு கட்சிக்காரர் உண்டு. பாகப்பிரிவினை வழக்கு முடிந்து வருடங்கள் ஆகின்றன. பொய்கை மாட்டுச் சந்தைக்கு வரும் செவ்வாய்க்கிழமைகளில் ஆபீஸில் தலைகாட்டிவிட்டுத்தான் போவார். பாக்கி ஃபீஸை மாடு விற்ற காசிலிருந்து மூன்று தவணையாகக் கொடுத்தார். அவர் கூட்டிவந்த மச்சான், சம்பந்தி, பக்கத்து நிலத்துக்காரர் என்று இதுவரை 7 கட்டு. அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் வழக்கு நடந்தபோது எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொன்னவர்! நான் செய்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வாய்தா முடிந்த மாலையும் போன் போட்டு என்ன நடந்தது, அடுத்து எந்தத் தேதி என்று சொல்லிவிடுவேன். ஒன்றும் நடக்காவிட்டாலும் "இன்னிக்கு ஒண்ணும் நடக்கலீங்க" என்று சொல்வேன்.

## வழி 3: ஒரே துறை

பெயர்ப் பலகையில் "விபத்து வழக்கு நிபுணர்" என்று எழுத முடியாது. பலகை அளவாக இருக்க வேண்டும், இன்ன வகை வழக்கில் தேர்ந்தவர் என்று அதில் காட்டக் கூடாது என்று விதி 36-லேயே இருக்கிறது. பெயர் வாய்வழியாகத்தான் பரவ வேண்டும். அதற்கு 3 வருடமாவது ஆகும்.

விபத்து இழப்பீடு. சென்னை–பெங்களூரு சாலை ஊரை ஒட்டிப் போகிறது, கேஸுக்குப் பஞ்சமில்லை என்று நினைப்பார்கள். அடிபட்டவர் தான் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். வெளியூர் வண்டியில் வெளியூர் ஆள் என்றால் அந்தக் கேஸ் நமக்கு இல்லை. மனுவுக்கு 6 மாதக் கெடு 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ளது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள், ஆனால் அதை நம்பிக் கெடுவைக் கோட்டை விடக் கூடாது. காசு தீர்ப்புக்குப் பிறகுதான். அதுவரை மருத்துவ ஆவணம், ஊனச் சான்று, நகல் என்று கைக்காசு போகும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று பேசுவதை விதி 20 தடுக்கிறது. ஆஸ்பத்திரி வார்டில் ஆள் வைத்துக் கேஸ் பிடிப்பது விதி 36-ல் மாட்டும். "எல்லாரும் செய்யறாங்க" என்பார்கள். அந்தத் தரகர் கொண்டுவருகிற ஆள் தரகருடைய ஆள். அவர் நாளைக்கு 2 சதவீதம் கூடக் கொடுக்கிற இன்னொரு வக்கீலிடம் போவார்.

காசோலை வழக்கு. சீக்கிரம் காசு பார்க்கும் துறை. செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், பிறகு ஒரு மாதத்துக்குள் புகார் என்று தேதிகள் கறார். காலண்டர் ஒழுங்காக வைத்திருப்பவருக்கு இது ஏற்றது. ஆனால் 2015 திருத்தத்துக்குப் பிறகு, பணம் வாங்க வேண்டியவருடைய வங்கிக் கணக்கு எந்தக் கிளையிலோ அந்த ஊர் கோர்ட்டில்தான் வழக்கு. ஆம்பூர் தோல் வியாபாரியின் கணக்கு ஆம்பூரில் இருக்கும். வேலூரில் உட்கார்ந்துகொண்டு ஆம்பூர் செக் கேஸை நம்புகிறவர் பஸ்ஸிலேயே காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

தோல் தொழில். பாலாற்று மாசு பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நம் ஊர்ப் பெயரிலேயே சட்டக் கல்லூரிப் பாடமாக இருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்கிற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் நிலைத்தது அதில்தான். அதைப் படித்துவிட்டு "சுற்றுச்சூழல் வழக்கு எடுக்கிறேன்" என்று வரும் பிள்ளைகளிடம் சொல்வேன்: அந்த வேலை சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போய்விடும். இங்கே தங்குவது வேறு. தொழிலாளர் வழக்கு, பி.எஃப். நோட்டீஸ், பெரிய கம்பெனி பாக்கி வைத்த ஜாப் ஒர்க் பணம். சிறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்க முடியாது, தாண்டினால் கூட்டு வட்டி. பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் ஷூவின் மேல்பகுதி தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்காரர்களில் பலருக்கு இது தெரியாது. உத்யம் பதிவே (சிறு தொழில் பதிவு) இருக்காது. அந்தப் பதிவைச் சரக்கு கொடுப்பதற்கு முன்னாலேயே செய்யச் சொல்லும் வக்கீலை அவர்கள் விட மாட்டார்கள். இந்த மூன்றில் நான் இன்றைக்குச் சின்ன வயதுக்காரனாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன். கூட்டம் குறைவு.

## வழி 4: இணையம்

சுருக்கமாக முடித்துவிடலாம். விதி 36-க்கு 2008-ல் வந்த திருத்தப்படி வக்கீல் இணையதளம் வைக்கலாம். பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பார் கவுன்சில், பார் சங்கம், படிப்பு, எந்தத் துறை என்ற விவரங்கள் மட்டும். பலகையில் போடக் கூடாத துறைப் பெயரை இணையதளத்தில் போடலாம் என்பது வேடிக்கைதான். வக்கீல் பட்டியல் போட்டு, நட்சத்திரம் கொடுத்து, கட்டணம் வாங்கும் தளங்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் இந்திய பார் கவுன்சில் சமூக ஊடக விளம்பரம் பற்றி மறுபடி எச்சரித்தது.

சட்டத்தைப் பொதுவாக விளக்கி வீடியோ போடுவது ஒன்று, "கூப்பிடுங்க, ஜெயிச்சுத் தர்றேன்" என்பது வேறு. முதலாவதைச் செய்தாலும் நேரம் கேட்கும். ஒரு வீடியோவுக்கு ஒரு மாலை. பார்ப்பவர் திருநெல்வேலியில் இருப்பார், இலவசமாக ஒரு சந்தேகம் கேட்பார். நன்றி சொல்லிவிட்டு அவர் ஊர் வக்கீலிடம் போவார்.

## ஒரே பார்வையில்

| | வங்கி பேனல் | தாலுகா ரூம் | ஒரே துறை | இணையம் |
|---|---|---|---|---|
| முதல் காசு | பில் பாஸாகும்போது | 6 மாதம் கழித்து | செக் கேஸில் சீக்கிரம், விபத்தில் தீர்ப்புக்குப் பிறகு | சொல்ல முடியாது |
| மறைந்த செலவு | ஒப்பினியன் பொறுப்பு, பில் பாக்கி | இரண்டு கோர்ட், அலைச்சல் | கைக்காசு, 3 வருடப் பொறுமை | மாலை நேரம் முழுக்க |
| விதி 36 | தொல்லை இல்லை | பலகை அளவாக இருந்தால் சரி | தரகர் வந்தால் ஆபத்து | எப்போதும் கத்திமேல் |
| கட்சிக்காரர் யாருடையவர் | வங்கியுடையவர் | உங்களுடையவர் | நேரடியாக வந்தால் உங்களுடையவர் | யாருடையவரும் இல்லை |

## யாருக்கு எது

வீட்டில் வேறு வருமானம் இல்லை, மாதத் தவணை ஓடுகிறது என்றால் பேனல்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. 2 வருடம் என்று கெடு வைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் குடியாத்தம், பேரணாம்பட்டு, சோளிங்கர் பக்கம், அங்கே அப்பா பெயர் சொன்னால் நான்கு பேருக்குத் தெரியும் என்றால் ரூம் போடுங்கள். அந்த ஊரோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர் வாடகை குறைவு என்பதற்காக மட்டும் போக வேண்டாம். ஒரு வருடச் செலவுக்குக் கையிருப்பு இருந்து, படிக்கவும் பிடித்திருந்தால் ஒரே துறை. இணையத்தை வழியாகவே எண்ண வேண்டாம். விதி அனுமதிக்கும் விவரங்களோடு ஒரு பக்கம் இருந்தால் போதும், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டவர் ஆபீஸ் எங்கே என்று தேடும்போது கிடைக்கும்.

டீக்கடையில் கேட்டவருடைய சொந்த ஊர் பேரணாம்பட்டு. இத்தனையும் கேட்டுவிட்டு, "அப்ப குடியாத்தமா சார்?" என்றார். அந்த 14 கட்டில் சொந்தக்காரர் அல்லாத 5 பேருக்கும் போன வாய்தாவில் என்ன நடந்தது என்று சொல்லியாகிவிட்டதா என்று கேட்டேன். இரண்டு பேருக்குச் சொல்லவில்லையாம். டீ காசை நான் கொடுத்தேன், அவர் அங்கேயே போனை எடுத்தார்.